விழுக்காடு: எதில் ஆறு?

நாட்டின் வருமானத்தில் கல்விக்கு ஆறு விழுக்காடு ஒதுக்க வேண்டும் என்ற பேச்சு, கல்வி முறையை ஆராய இந்திய அரசு அமைத்த கோத்தாரி ஆணைக்குழு 1966ஆம் ஆண்டு அறிக்கை அளித்த நாளிலிருந்து இந்தியாவில் ஓயவில்லை. அந்த ஆறைப் பற்றிப் பேசுவோர் பலரும் விழுக்காடு என்ற சொல்லைப் பற்றி நின்று யோசிப்பதில்லை.

விழு என்னும் வினையடியோடு காடு என்னும் தொழிற்பெயர் விகுதி சேர்ந்து பிறந்த சொல் இது. சாக்காடு, நோக்காடு, வேக்காடு ஆகியவற்றில் உள்ள அதே விகுதிதான். மரம் நிற்கும் காட்டுக்கும் இதற்கும் உறவில்லை. செலவைப் பிரித்துக் கணக்கிடும்போது 'தலைக்கு எவ்வளவு விழும்?' என்று இன்றும் கேட்கிறோமே, அந்த 'விழும்' என்பதே சொல்லின் உயிர். ஆகவே விழுக்காடு என்பதன் அடிப்படைப் பொருள் பங்கு, வீதம் என்பதாகும். நூறு என்னும் எண் அதற்குள் இல்லை. இக்காலக் கணக்கு வழக்கே அதை ஏற்றி வைத்தது. நூற்றுக்கு என்று பொருள்படும் இலத்தீனத்தின் 'பெர் சென்டம்' என்பதற்குச் சொல்லுக்குச் சொல் நெருக்கமானது சதவீதமே. ஆனால் அதிலுள்ள சதம் வடசொல். கண்டிப்பாகப் பார்த்தால் 'நூற்று விழுக்காடு' என்றே எழுத வேண்டியிருக்கும். அவ்வளவு தூரம் போகத் தேவையில்லை என்பது என் கருத்து. வழக்கு ஏற்றுக்கொண்ட பொருளை இலக்கணம் காட்டி மறுப்பது வீண்வேலை.

பங்கு என்றால் எதில் பங்கு என்ற கேள்வி உடனே எழும். கோத்தாரி ஆணைக்குழுவின் கணக்கில் 1950-51இல் கல்விச் செலவு தேசிய வருமானத்தில் 1.2 விழுக்காடு, 1965-66இல் 2.9, அதை 1985-86க்குள் ஆறாக உயர்த்த வேண்டும் என்றது அக்குழு. அரசின் கல்வித் துறை வெளியிடும் வரிசையிலோ 1951-52க்கு உரிய எண் 0.64. இரண்டில் ஒன்று பிழை என்று முடிவு செய்துவிடக் கூடாது. முன்னது, பெற்றோர் கட்டிய கட்டணம் போன்றவற்றையும் சேர்த்த மொத்தச் செலவைத் தேசிய வருமானத்தால் வகுத்தது. பின்னது, மத்திய, மாநில அரசுகளின் செலவை மட்டும் எடுத்து மொத்த உள்நாட்டு உற்பத்தியால் வகுத்தது. வகுபடுவதும் வேறு, வகுப்பதும் வேறு.

இந்த வகுப்பெண் ஓசையின்றி மாறியிருக்கிறது. 1968ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கை 'தேசிய வருமானத்தில் 6' என்றது. 2020ஆம் ஆண்டின் கொள்கை 'மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6' என்கிறது. தேய்மானத்தைக் கழித்த பிறகே தேசிய வருமானம் கிடைக்கும் என்பதால் அது உள்நாட்டு உற்பத்தியைவிடச் சிறியது; எனவே 2020இன் ஆறு, 1968இன் ஆறைவிடச் சற்றுப் பெரிய தொகை. 2017-18இல் அரசுச் செலவு 4.43 விழுக்காடாக இருந்தது என்று அந்தக் கொள்கை ஆவணமே எழுதியிருக்கிறது. அதே ஆவணம், அரசின் மொத்தச் செலவில் கல்வியின் பங்கு ஏறத்தாழ 10 விழுக்காடு என்றும் கூறுகிறது. வெவ்வேறு மூலங்களிலிருந்து எடுத்த எண்கள் இவை; அடித்தளமும் வேறு, செலவைக் கணக்கிட்ட முறையும் வேறு.

4.43 ஆறாக உயர்வதை '1.57 விழுக்காடு உயர்வு' என்று எழுதுவோர் உண்டு. அது 1.57 விழுக்காட்டுப் புள்ளி உயர்வு, அதாவது இரண்டு விழுக்காடுகளுக்கு இடையிலான வேறுபாடு. 4.43ஐ அடிப்படையாகக் கொண்டு விழுக்காட்டுக் கணக்கில் சொன்னால் உயர்வு ஏறத்தாழ 35.

இலங்கையில் சதம் நாணயத்தின் பெயரும்கூட. அங்குள்ள தமிழ் இதழ்கள் பல நேரங்களில் சதத்தையும் விட்டுவிட்டு 'வீதம்' என்றே எழுதும். 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் பல வாரங்கள் வேலைநிறுத்தம் செய்தபோது அவர்களின் முதன்மை முழக்கமும், மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதம் கல்விக்கு வேண்டும் என்பதுதான்.