க்ரீப்: தவழ்வு அல்ல, ஊர்வு

இராணிப்பேட்டை, வேலூர்ப் பக்கம் பாய்லர் வேலைக்குப் போகும் ஐ.டி.ஐ. பிள்ளைகளிடம் தமிழ்ப்படுத்திய பாடக்குறிப்புகள் புழங்குகின்றன. நல்ல காரியம்தான். ஆனால் ‘கலப்படச் சேர்மங்கள் எஃகின் தவழ்வு வலிமையைக் கூட்டும்’ என்ற வரியை எத்தனை முறைதான் பொறுத்துக்கொள்வது? ஆங்கிலத்தில் க்ரீப் (creep) என்று வரும் இடமெல்லாம் ‘தவழ்வு’.

க்ரீப் என்பது, கடுஞ்சூட்டில் உலோகம் தாங்கக்கூடிய பாரத்திலேயே நாளடைவில் நிரந்தரமாக உருமாறிக்கொண்டே போவது. ஆங்கிலச் சொல்லின் பழம்பொருளும் ஊர்தல்தான். அவ்வளவே.

தவழ்வது கைக்குழந்தை. அது இடம்விட்டு இடம் போகும், நம் கண்முன்னே போகும். பாய்லரில் நீராவியை மேலும் சூடேற்றும் சூப்பர்ஹீட்டர் குழாய் எங்கும் போவதில்லை. ஆண்டுக்கணக்கில் அதே இடத்தில் இருந்தபடி விட்டம் பெருக்கும். காலிப்பர் வைத்து அளந்தால்தான் தெரியும். விட்டுவிட்டால் நீளவாக்கில் பிளந்துகொள்ளும். ‘டியூப் உப்பிருச்சு’ என்று ஃபிட்டர் சொல்வதில் இருக்கும் தெளிவு ‘தவழ்வில்’ இல்லை.

சிலர் ‘மெதுநீட்சி’ என்கிறார்கள். அதுவும் பாதிதான் சரி. உள்ளழுத்தம் தாங்கும் மெல்லிய சுவர்க் குழாயில், சுற்றுவாக்கில் வரும் இழுவிசை நீளவாக்கில் வருவதைப் போல இரு மடங்கு. அதனால்தான் குழாய் நீளாமல் உப்புகிறது. அமுக்குவிசையிலோ பொருள் குறுகும். குறுகுவதை நீட்சி என்பது எப்படி?

‘நகர்வு’ இன்னும் குழப்பம். க்ரீப் எஃகில் எப்படி நடக்கிறது? படிக அடுக்கில், அதாவது அணுக்களின் ஒழுங்கான வரிசையில், இருக்கும் பிசகுகள் நகர்வதால். 347எச் வகை எஃகில் நையோபியமும் 321எச் வகையில் டைட்டானியமும் கார்பனோடு சேர்ந்து நுண்துகள்களாகி அந்தப் பிசகுகளை மறிக்கின்றன. 316 வகையில் 2 முதல் 3 சதவீத மாலிப்டினம் படிக அடுக்கிலேயே கலந்து நின்று அவற்றை இழுத்துப் பிடிக்கிறது. சூப்பர் 304எச் வகையில் சுமார் 3 சதவீதச் செம்பு, வேலைச் சூட்டில் மிக நுண்ணிய துகள்களாகப் பிரிந்து அதே வேலையைச் செய்கிறது. இப்போது ‘நையோபியம் நகர்வைத் தடுக்கிறது’ என்று எழுதினால் பிசகின் நகர்வா, குழாயின் உருமாற்றமா? முன்னது காரணம், பின்னது விளைவு. ஒரே சொல்லில் இரண்டையும் அடைத்தால் பாடமே கெட்டுவிடும்.

‘ஊர்வு’தான் பொருந்தும். ‘எறும்பு ஊரக் கல்லும் தேயும்’ என்று சொல்லும்போது மெதுவும் விடாத தொடர்ச்சியும் கடைசியில் வரும் சேதமும் சேர்ந்தே நம் மனதில் படுகின்றன. ஊர்வதும் இடம் மாறுவதுதானே என்று கேட்கலாம். உண்மைதான். ஆனால் பழமொழி அந்தச் சொல்லுக்கு ஏற்றிவைத்த பொருள் ‘தவழ்வு’க்கு இல்லை.

அப்புறம், ‘ஊர்வு வலிமை’ என்றும் எழுதக் கூடாது. ஊர்வதற்கான வலிமை என்று தலைகீழாகப் படும். குறிப்பிட்ட சூட்டில், பெரும்பாலும் 1,00,000 மணி நேரம், அதாவது பதினோரு ஆண்டுக்கு மேல், எவ்வளவு தகைவை, அதாவது ஒரு பரப்பலகில் விழும் விசையை, எஃகு தாங்கும் என்பதே கணக்கு. எனவே ‘ஊர்வு தாங்குதிறன்’.

‘கலப்படச் சேர்மங்கள்’ என்பதை மன்னிக்கவே முடியாது. கலப்படம் பாலில் தண்ணீர் விடுவது. நிக்கலும் நையோபியமும் தனிமங்கள், சேர்மங்கள் அல்ல. வேண்டி விலைகொடுத்துச் சேர்ப்பவை. ‘கலப்புத் தனிமங்கள்’ என்றால் போதுமே. மொழிபெயர்ப்பு இயந்திரத்தில் போட்டு எடுத்ததை ஒரு ஃபோர்மேனிடமாவது படித்துக் காட்டிவிட்டு அச்சுக்கு அனுப்புங்கள்.