பிளானை மாற்றும் முன் ஒயரைப் பாருங்கள்

ஈரோட்டில் ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் வீட்டுக்குப் போன மாதம் போயிருந்தேன். கீழே அவரும் அவர் மனைவியும். மாடியில் மகன் குடும்பம். மருமகளுக்கு வீட்டிலிருந்தே வேலை. 100 எம்பிபிஎஸ் பிளானில் நெட் இழுக்கிறது என்று 200க்கு மாறி, அதுவும் சரிப்படாமல் 300க்கு மாறியிருந்தார்கள். "ஏனுங்க தம்பி, ரெண்டு தடவ பிளான் மாத்தியாச்சு. மாடில லேப்டாப்புல பார்த்தா தொண்ணூத்தி நாலத் தாண்ட மாட்டேங்குது. நம்மள ஏமாத்தறாங்களாட்ட இருக்குதுங்க" என்றார்.

94 என்று அவர் சொன்னதுமே எங்கே போய்ப் பார்க்க வேண்டும் என்று எனக்குத் தெரிந்துவிட்டது. லேன் கேபிளுக்குள் எட்டுக் கம்பி இருக்கும், இரண்டிரண்டாக முறுக்கிய நான்கு ஜோடி. எட்டும் சேர்ந்து வேலை செய்தால்தான் 1000 எம்பிபிஎஸ் ஓடும். 100க்கு ஆரஞ்சு ஜோடியும் பச்சை ஜோடியும் போதும். நீலத்திலோ பழுப்பிலோ ஒரு கம்பி தொடர்பு விட்டுப்போனால் பல கருவிகள் இணைப்பைத் துண்டிப்பதில்லை. ஒரு சிவப்பு விளக்குகூட எரியாமல் 100க்கு இறங்கிக்கொள்ளும். அந்த 100லும் ஒவ்வொரு டேட்டாப் பொட்டலத்தின் மேலும் ஒட்டுகிற முகவரிச் சீட்டு, பொட்டலத்துக்குப் பொட்டலம் விடுகிற இடைவெளி எல்லாம் கழித்தால் மிஞ்சுவது 94 சொச்சம்தான். அதனால் 100க்கு மேலான பிளான் எடுத்தும் ஸ்பீடு டெஸ்டில் 94, 95 என்றே ஒரு எண் நகராமல் நின்றால் பிளானைச் சந்தேகப்படாதீர்கள். வழியில் எங்கோ பாட்டில் கழுத்து மாதிரி 100 எம்பிபிஎஸ்ஸுக்குச் சுருங்குகிற இடம் இருக்கிறது.

கீழே சுவரில் ஃபைபர் பாக்ஸ். அங்கிருந்து ஜன்னல் வழியாக மாடி ரூட்டருக்கு ஒரு கேபிள் ஏறியது. ரூட்டர் பக்கத்து முனையை உருவி, கனெக்டரை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பார்த்தேன். எட்டாவது பள்ளத்தில் இருக்க வேண்டிய பழுப்புக் கம்பி முனைவரை வந்து சேரவே இல்லை. அரை சென்டிமீட்டர் முன்னாலேயே நின்றிருந்தது. அதற்கு மேலே இருந்த தங்கநிறப் பல் வெறும் பிளாஸ்டிக்கைக் கடித்துக்கொண்டிருந்தது. முனையை வெட்டி, எட்டுக் கம்பியையும் நிறவரிசையில் நீவிச் சமன் செய்து, புது கனெக்டர் போட்டு கிரிம்ப் செய்தேன். அதே லேப்டாப்பில் 287 வந்தது. கனெக்டர் விலை பத்து ரூபாய்க்குள். எட்டு மாதமாக அவர்கள் கூடுதலாகக் கட்டிய பணம் மூவாயிரத்துக்குக் கிட்ட.

பிராட்பேண்ட் இணைப்பு கொடுப்பதும் பழுது பார்ப்பதுமாகப் பதினான்கு வருடமாக ஊர் சுற்றுகிறேன். நெட் மெதுவாக இருக்கிறது என்று கூப்பிடுகிற வீடுகளில் நான் பார்த்தவரை பாதிக்கு மேல் கோளாறு வீட்டுச் சுவருக்கு உள்ளேதான் இருக்கிறது. ஆனால் எல்லாரும் முதலில் செய்வது பிளானை ஏற்றுவது. பென்ஷன் பணத்திலும் தினக்கூலியிலும் நெட் கட்டுகிற வீடுகளில் இதைப் பார்க்கும்போது மனது கேட்பதில்லை. அதனால்தான் இதை எழுதுகிறேன்.

முதலில் அந்த எம்பிபிஎஸ், அதாவது நொடிக்கு இத்தனை மெகாபிட். இங்கிலீஷில் Mbps என்று எழுதும்போது அதில் வருவது சின்ன பி (b). அது பிட். படம், பாட்டு, கோப்பு எல்லாவற்றின் அளவையும் நாம் சொல்வது பெரிய பி (B), அதாவது பைட். எட்டு பிட் சேர்ந்தால் ஒரு பைட். "அம்மா" என்று வாட்ஸ்அப்பில் தட்டினால் கணினிக்கு அது அ, ம, புள்ளி, ம, கால் என்று ஐந்து குறிகள். தமிழில் ஒரு குறிக்கு மூன்று பைட். ஆக 15 பைட், 120 பிட். 100 எம்பிபிஎஸ் இணைப்பில் நொடிக்கு அதிகபட்சம் பன்னிரண்டரை எம்பி இறங்கும். ஒரு ஜிபி கோப்புக்கு எண்பது நொடியாவது ஆகும். "நூறுக்குக் காசு கட்டறேன், டவுன்லோடு பதினொண்ணுதான் காட்டுது" என்று வருகிற போன்களில் பலவற்றுக்கு இந்தக் கணக்கைச் சொன்னாலே போதுமாக இருக்கும். அவர்கள் இணைப்பு சரியாகத்தான் ஓடிக்கொண்டிருக்கும்.

ஒரு வீட்டுக்கு எவ்வளவு வேண்டும்? இந்தியாவில் 2023 ஜனவரியிலிருந்து குறைந்தது 2 எம்பிபிஎஸ் இருந்தால்தான் பிராட்பேண்ட் என்று சொல்லலாம். அதற்கு முன் அந்த எல்லை 512 கேபிபிஎஸ்தான், அதாவது அரை எம்பிபிஎஸ். முழு எச்டி படத்துக்கு 5 எம்பிபிஎஸ், 4கே படத்துக்கு 15 என்பது நெட்ஃபிளிக்ஸே சொல்கிற கணக்கு. வீடியோ கால் ஒன்றுக்கு இரண்டிலிருந்து நான்கு வைத்துக்கொள்ளலாம். டிவியில் ஒருவர் 4கே படம், இன்னொருவர் ஆஃபீஸ் மீட்டிங், பிள்ளை யூடியூப், தாத்தா போனில் சீரியல் என்று எல்லாம் ஒரே நேரத்தில் ஓடினாலும் முப்பதைத் தாண்டாது. பெரிய பெரிய கேம்களை அடிக்கடி இறக்குகிற வீடு, வீடியோ எடிட்டிங் செய்கிற வீடு, பத்துப் பேர் இருக்கிற ஆஃபீஸ் இவற்றுக்கு 200, 300 பயன்படும். மற்றவர்களுக்கு ஒழுங்காக வந்து சேர்கிற 50, 100 தாராளம். கம்பெனி விற்பது உங்கள் சுவரில் மாட்டிய பாக்ஸ் வரைக்குமான வேகம். அந்தப் பாக்ஸிலிருந்து உங்கள் உள்ளங்கைக்கு வருகிற கடைசி முப்பது அடியில்தான் பெரும்பாலும் பாழாகிறது.

அந்த முப்பது அடி பெரும்பாலும் வைஃபை. அதில் ஒரு விஷயத்தை அழுத்திச் சொல்ல வேண்டும். கடைகளில் மலிவாகக் கிடைக்கிற ரூட்டர் பெட்டியில் பெரிய எழுத்தில் 300 எம்பிபிஎஸ் என்று அச்சிட்டிருக்கும். அது காற்றில் போகிற சமிக்ஞையின் ஏட்டு வேகம். அதே ரூட்டரைத் திருப்பிப் பாருங்கள்; பல மாடல்களில் பின்னால் இருக்கிற லேன் ஓட்டைகள் 100 எம்பிபிஎஸ்தான். உள்ளே நுழைவதே 100 என்றால் வெளியே 300 எங்கிருந்து வரும்? 1200 என்று போட்டதும் இப்படித்தான். 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையின் 300, 5 கிகாஹெர்ட்ஸின் 867, இரண்டையும் கூட்டி 1200 ஆக்கியிருப்பார்கள். ஒரு போன் ஒரு நேரத்தில் இந்த இரண்டில் ஒன்றைத்தான் பிடிக்கும். வாங்கும்போது டூயல் பேண்டா (2.4, 5 இரண்டும் உண்டா), ஓட்டைகள் கிகாபிட்டா (1000 எம்பிபிஎஸ்ஸா) என்று இரண்டு கேள்வி கேளுங்கள்.

2.4 தூரம் போகும், சுவரைத் தாண்டும், ஆனால் நெரிசல் அதிகம். அதில் ஒன்றோடொன்று மோதாத சேனல் மூன்றுதான்: 1, 6, 11. அபார்ட்மெண்டில் முப்பது ரூட்டர் இருந்தால் முப்பதும் அந்த மூன்றுக்குள்ளேயே நெருக்கியடிக்க வேண்டும். மைக்ரோவேவ் அடுப்பும் அதே அலைவரிசையில்தான் வேலை செய்கிறது. சமையலறையில் அது சுற்றும்போது பக்கத்து அறையில் வீடியோ திக்குவதை நானே பார்த்திருக்கிறேன். 5 வேகமானது, சேனலும் நிறைய, ஆனால் இரண்டு செங்கல் சுவருக்குள்ளேயே சோர்ந்துவிடும். கம்பி கட்டிய கான்கிரீட் தளத்தைத் தாண்டி மாடிக்குப் போவது இன்னும் கஷ்டம். ஃபைபர் வீட்டுக்குள் நுழைகிற இடம் வாசல் பக்கம் என்பதால் ரூட்டரையும் அங்கேயே மாட்டிவிட்டுப் போகிறோம். எங்கள் தொழிலில் நாங்கள் செய்கிற தப்பு இது, பத்து மீட்டர் ஒயர் மிச்சம் பிடிப்பதற்காக. டிவிக்குப் பின்னால், இரும்பு பீரோ மேலே, மீன்தொட்டிக்குப் பக்கத்தில் எல்லாம் ரூட்டரை வைத்திருக்கிற வீடுகள் உண்டு. இரும்பு சமிக்ஞையைத் தடுக்கும், தண்ணீர் உறிஞ்சிக்கொள்ளும். வீட்டின் நடுவே ஆள் உயரத்தில் திறந்த இடத்தில் வையுங்கள். இணைப்பு கொடுக்க வருகிறவரிடம் இடத்தை நீங்களே காட்டுங்கள். கூடுதல் ஒயருக்குக் காசு கேட்டால் கொடுங்கள். மாதாமாதம் பிளானுக்குக் கொடுப்பதைவிட அது குறைவு.

இன்னொன்று, வைஃபையில் எல்லாரும் ஒரே நேரத்தில் பேச முடியாது. வாய்க்காலில் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களுக்கு இது சொல்லாமலே விளங்கும். ஒருவர் மடை திறந்திருக்கும்போது அடுத்தவர் காத்திருக்க வேண்டும். கடைசி அறையில் சமிக்ஞை ஒற்றைக் கோட்டில் இருக்கிற ஒரு பழைய போன், தன் முறை வரும்போது ஒரு சின்ன வீடியோவை இழுப்பதற்கே நீண்ட நேரம் எடுத்துக்கொள்ளும். அதுவரை ரூட்டருக்குப் பக்கத்தில் இருக்கிற புது லேப்டாப்பும் நிற்க வேண்டியதுதான். அதனால் நகராத சாமான்களை, டிவியையும் டெஸ்க்டாப்பையும் கேமரா பெட்டியையும், லேன் கேபிளில் போட்டுவிட்டால் காற்றில் போன்களுக்கு இடம் கிடைக்கும்.

வீட்டுக்கு வெளியேயும் இதே முறைக்கணக்குதான். பல ஊர்களில் ஒரு ஃபைபர் இழையில் 2.5 ஜிபிபிஎஸ்ஸுக்கு, அதாவது 2500 எம்பிபிஎஸ்ஸுக்குக் கொஞ்சம் குறைவாகக் கீழே, வீடுகளுக்கு வரும். வீடுகளிலிருந்து மேலே, கம்பெனிக்குப் போவது அதில் பாதி. கம்பத்தில் இருக்கிற ஸ்ப்ளிட்டர் அந்த ஒளியை 32 வீடு, சில இடங்களில் 64 வீடு என்று பிரிக்கிறது. மேலே அனுப்பும்போது ஒவ்வொரு வீட்டுப் பெட்டியும் தனக்கு ஒதுக்கிய நொடித்துணுக்கில் மட்டும்தான் ஒளியை விடும். 32 வீடும் ஒரே விநாடியில் முழு மூச்சாக இழுத்தால் தலைக்கு 78 எம்பிபிஎஸ்கூட வராது. அப்படி எல்லாரும் ஒரே விநாடியில் இழுப்பதில்லை என்பதால்தான் இந்த ஏற்பாடு ஓடுகிறது, அதில் தப்பும் இல்லை. ஆனால் காலையில் 95 வந்து, ராத்திரி ஒன்பது மணிக்கு தினமும் 20க்கு விழுந்தால், அங்கே கம்பெனி தன் பக்கத்து வழியை விரிக்கவில்லை என்று அர்த்தம். அதற்கு நீங்கள் பெரிய பிளானுக்குப் போனாலும் அந்த ஒன்பது மணி மாறப்போவதில்லை.

வேகம் என்று நாம் சொல்வதில் பாதி, உண்மையில் காத்திருப்பு. ஸ்பீடு டெஸ்டில் பிங் என்று மில்லி செகண்டில் வருமே, அது. கண்ணாடி இழைக்குள் ஒளி நொடிக்குச் சுமார் இரண்டு லட்சம் கிலோமீட்டர் போகும். சென்னையிலிருந்து சிங்கப்பூருக்குக் கடலடியில் கிடக்கிற கேபிள்களில் ஒன்றின் நீளம் ஏறக்குறைய 3,200 கிலோமீட்டர். போய்த் திரும்ப 32 மில்லி செகண்ட். சிங்கப்பூர் சர்வரில் கேம் விளையாடுகிற பையனுக்கு 1000 எம்பிபிஎஸ் வாங்கிக் கொடுத்தாலும் அந்த 32 குறையாது. அந்தமானில் 2020 ஆகஸ்ட் 10 அன்று சென்னையிலிருந்து சுமார் 2,300 கிலோமீட்டர் கடலடிக் கேபிள் திறக்கப்படும் வரை செயற்கைக்கோளை நம்பித்தான் இருந்தார்கள். அது 36,000 கிலோமீட்டர் உயரத்தில். கேட்டது போய்ப் பதில் வர அரை விநாடி. எவ்வளவு பட்டையான இணைப்பு இருந்தாலும் பேச்சில் அந்த அரை விநாடி உதைக்கும்.

ஆசிரியர் வீட்டிலும் ஒயரைச் சரி செய்த பிறகு ஒரு குறை மிச்சமிருந்தது. "ராத்திரி மீட்டிங்ல என் குரல் மட்டும் வெட்டி வெட்டிப் போகுதுங்கண்ணா, அவங்க பேசறது நல்லாத்தான் கேக்குது" என்றார் மருமகள். நம் குரல் போவது அப்லோடு வழியில். சாப்பிட்டு முடித்து எல்லாரும் போனைச் சார்ஜில் போடுகிற நேரம். அப்போதுதான் நான்கு போனும் அன்றைய போட்டோ, வீடியோவை பேக்கப் செய்ய ஆரம்பிக்கும். ரூட்டர் வாசலில் அந்த மூட்டைகள் வரிசை கட்டி நிற்க, குரல் பொட்டலம் அவற்றின் பின்னால் மாட்டிக்கொள்கிறது. மீட்டிங் ஓடும்போதே ஸ்பீடு டெஸ்ட் போட்டுக் காட்டினேன்: சும்மா இருக்கும்போது 6 மில்லி செகண்ட் இருந்த பிங், அப்லோடு நடக்கும்போது 400ஐத் தாண்டியது. ரூட்டர் செட்டிங்கில் அவர் லேப்டாப்புக்கு முன்னுரிமை கொடுத்து, பேக்கப் நேரத்தை விடியற்காலைக்குத் தள்ளி வைத்தோம். அடுத்த வாரம் போன் செய்து கேட்டேன். குரல் வெட்டவில்லையாம். 100 பிளானுக்கே திரும்பிவிட்டார்களாம்.

நீங்களே பார்க்க நினைத்தால் இப்படிச் செய்யுங்கள். லேப்டாப்பில் வைஃபையை அணைத்து, லேன் கேபிளில் நேராக ஃபைபர் பாக்ஸோடு இணையுங்கள். மற்ற கருவிகளை எல்லாம் கழற்றி, காலையில் ஒரு தடவை, ராத்திரி ஒன்பதுக்கு ஒரு தடவை என்று மூன்று நாள் டெஸ்ட் போட்டு, டவுன்லோடு, அப்லோடு, பிங் மூன்றையும் எழுதி வையுங்கள். டெஸ்ட் ஆப் தானாகத் தேர்ந்தெடுக்கிற சர்வர் பெரும்பாலும் உங்கள் கம்பெனி ஆஃபீஸிலேயே இருக்கும். அது உள்ளூர்ச் சாலையை மட்டும்தான் அளக்கும். வேறு ஊர், வேறு கம்பெனி சர்வரையும் ஒரு தடவை தேர்ந்தெடுங்கள். பாக்ஸில் 100 வந்து போனில் 15 வந்தால் வேலை உங்கள் வீட்டில். பாக்ஸிலேயே 15 என்றால் கம்பெனிக்குப் போன் போட்டு அந்த எண்களைத் தேதி, நேரத்தோடு வாசியுங்கள். "ஸ்லோவா இருக்கு" என்பதற்கு எங்களிடம் ரூட்டரை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்கிற பதில் தயாராக இருக்கும். எண்ணும் தேதியும் சொன்னால் ஆளைத்தான் அனுப்பியாக வேண்டும்.

வருகிறவரிடம் பவர் மீட்டரில் ஒளி அளவு எவ்வளவு என்று கேளுங்கள். டிபிஎம் என்ற அலகில் சொல்வார்; மைனஸ் 20ஐ ஒட்டி இருந்தால் நிம்மதி. ஒளி குறைந்து மைனஸ் 27ஐ நெருங்கினால் மழைக்கும் காற்றுக்கும் விட்டு விட்டு வரும். வீட்டுக்குள் வருகிற அந்த மஞ்சள் ஒயரைச் சோபாவுக்கு அடியில் நசுக்கியோ ஆணியில் மடித்துச் சுற்றியோ வைத்திருந்தால் ஒளி அங்கேயே கசிந்துவிடும். ஒரு டம்ளர் வாய் அளவுக்காவது வளைவு விட்டுச் சுற்றுங்கள். பாக்ஸில் எல்.ஓ.எஸ். என்ற விளக்கு சிவப்பாக எரிந்தால் ஒளியே வரவில்லை, ரூட்டரை எத்தனை தடவை அணைத்துப் போட்டாலும் பயனில்லை. அந்த நேரத்தில் பச்சைத் தலை போட்ட முனையைப் பிடுங்கிக் கண்ணுக்கு நேராக வைத்து வெளிச்சம் வருகிறதா என்று பார்க்க வேண்டாம், குழந்தைகளையும் விட வேண்டாம். அதில் வருவது கண்ணுக்குத் தெரியாத லேசர் ஒளி.