பிரஷர் மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள்

"பிரஷர் மாத்திரை தொடர்ந்து சாப்பிட்டா கிட்னி போயிடுமாமே டாக்டர்?" பதில் சொல்லிச் சொல்லி அலுத்துவிட்டது. இந்த வாரமும் ஒருவர். நாற்பதுகளில் இருக்கும் லாரி டிரைவர். யாரோ சொன்னதை நம்பிப் போன வருஷமே மாத்திரையை நிறுத்திவிட்டார். இடுப்பு வலிக்கு மட்டும் மெடிக்கலில் டைக்ளோஃபெனாக் வாங்கி மாதக்கணக்கில் விழுங்கியிருக்கிறார். கால் வீங்கி, மூச்சு வாங்கிக்கொண்டு வந்தபோது பிரஷர் 210/120. கிட்னி வெளியேற்ற வேண்டிய கழிவான கிரியாட்டினின் ரத்தத்தில் 7-க்கு ஏறியிருந்தது. அவர் மனைவியிடம் டயாலிசிஸ் பற்றிப் பேச வேண்டியதாயிற்று.

கட்டுக்கடங்காத பிரஷர் கிட்னியைக் கெடுக்கும். பழுதான கிட்னி பிரஷரை இன்னும் ஏற்றும். அதனால்தான் கிட்னி நோயாளிகளில் பெரும்பாலோர் பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறவர்களாக இருக்கிறார்கள். அதைப் பார்த்துவிட்டுப் பழியை மாத்திரை மேல் போடுகிறார்கள். டெல்மிசார்ட்டன், லோசார்ட்டன், ராமிப்ரில் போன்றவற்றை, சிறுநீரில் புரதம் போகிறவர்களுக்குக் கிட்னியைக் காப்பாற்றவே எழுதுகிறோம். ஆரம்பித்த புதிதில் கிரியாட்டினின் கொஞ்சம் ஏறலாம். 30 சதவீதம் வரை ஏறினால் பொதுவாக மருந்தைத் தொடர்வோம். அதற்கு மேல் போனாலோ பொட்டாசியம் கூடினாலோ என்ன செய்வதென்று நாங்கள் முடிவு செய்வோம். அதற்குத்தான் இரண்டு முதல் நான்கு வாரத்தில் ரத்தப் பரிசோதனைக்கு வரச் சொல்கிறோம். ரிப்போர்ட்டைப் பார்த்துப் பயந்து, மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டு வராமலே இருந்துவிடாதீர்கள். கர்ப்பத்துக்குத் திட்டமிடும் பெண்கள் மட்டும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள், இந்த வகை மாத்திரைகளை மாற்ற வேண்டும்.

"கிரியாட்டினின் நார்மல்தானே" என்று நிம்மதியாக இருப்பதும் தப்பு. கிட்னியின் திறன் பாதியாகக் குறைந்த பிறகும் அது நார்மலாகவே காட்டலாம். பிரஷரோ சர்க்கரையோ இருந்தால் வருஷத்துக்கு ஒரு முறை சிறுநீரில் அல்புமின் (ஒரு புரதம்)–கிரியாட்டினின் விகிதமும் பாருங்கள். அது 30-க்கு மேல் (மி.கி./கிராம்) மூன்று மாதம் நீடித்தால் கிட்னி பாதிக்கப்பட்டிருக்கிறது என்று அர்த்தம். முப்பது வயதுக்குள் பிரஷர் என்று வந்தால் நாங்கள் முதலில் சந்தேகப்படுவதே கிட்னியைத்தான்.

வீட்டில் பிரஷர் பார்ப்பதென்றால் ஐந்து நிமிஷம் பேசாமல் உட்கார்ந்துவிட்டுப் பாருங்கள். ஊறுகாய், அப்பளம், கருவாட்டைக் குறையுங்கள். இந்துப்பும் உப்புதான். சோடியம் குறைந்த உப்பில் பொட்டாசியம் இருக்கும், கிட்னி நோயாளிகள் கேட்காமல் வாங்க வேண்டாம். வலி மாத்திரை கிட்னியைக் கெடுக்கலாம், அதை நீங்களாக வாங்கிச் சாப்பிடவே கூடாது. வாந்தி, பேதி வந்தால் உடனே கூப்பிடுங்கள், சில மாத்திரைகளை ஓரிரு நாள் நிறுத்தச் சொல்வோம்.

காசுதான் பிரச்சினை என்றால் ஆரம்ப சுகாதார நிலையத்தில் மாத்திரை இலவசம். 2021 முதல் 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் வீட்டுக்கே வந்து தருகிறார்கள். தயவுசெய்து வாங்கிச் சாப்பிடுங்கள்.