சறுக்குமரத்தில் மடி வேண்டாம்

போன திங்கட்கிழமை காலை ஓபியில் அடுத்தடுத்து இரண்டு பேர். பெண் குழந்தைக்கு ஒன்றரை வயது, பையனுக்கு இரண்டு. ஞாயிறு மாலை பூங்கா, சறுக்குமரம், அப்பாவின் மடி என்று இருவருக்கும் ஒரே கதை. இரண்டு அப்பாக்களும் சொன்னதும் ஒன்றேதான். "விழவே இல்லை டாக்டர், என் மடியிலதான் இருந்தாங்க."

மடியில் இருந்ததால்தான் ஐயா கால் உடைந்தது.

குழந்தைகளின் எலும்பு முறிவைப் பார்ப்பது என் தொழில். மடி பாதுகாப்பு என்ற இந்த நம்பிக்கையோடு நான் போராடி ஓய்ந்துவிட்டேன். தனியாகச் சறுக்கும் குழந்தையின் ஷூ ஓரத்தில் மாட்டினால், பத்துப் பன்னிரண்டு கிலோ உடம்பு அதோடு நின்றுவிடும். காலை இழுத்துக்கொண்டு மறுபடி சறுக்கும். மடியில் இருக்கும்போது நிற்க விடுவது யார்? அப்பாவின் எழுபது கிலோ பின்னாலிருந்து தள்ளிக்கொண்டே வருகிறது. ரப்பர் அடி ஒட்டிக்கொண்ட பாதம் அங்கேயே நிற்கிறது, உடம்பு கீழே போகிறது. முழங்காலுக்குக் கீழே உள்ள எலும்பு, துணி பிழிவதுபோல் முறுக்கிக்கொண்டு விரிசல் விடுகிறது.

"கெட்டியாப் பிடிச்சிருந்தேனே" என்பார்கள். நீங்கள் பிடித்தது இடுப்பை, மாட்டியது கால். "மெதுவாத்தான் வந்தோம்" என்பார்கள். மெதுவாக வந்தாலும் எழுபது கிலோ எழுபது கிலோதான்.

அமெரிக்காவில் 2002 முதல் 2015 வரை 6 வயதுக்குட்பட்ட சுமார் 3.5 லட்சம் குழந்தைகள் சறுக்குமரத்தில் அடிபட்டதாக ஒரு கணக்கு உண்டு. அதில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல் எலும்பு முறிவு. அதிகம் அடிபட்டவர்கள் 12 முதல் 23 மாதக் குழந்தைகள். ஏணியில் தானாக ஏறவே தெரியாத வயது. அவர்களை மேலே கொண்டுபோனது யார் என்று யோசித்துப் பாருங்கள்.

அப்புறம், எப்படி அடிபட்டது என்று நாங்கள் நாலு முறை கேட்டால் கோபப்படாதீர்கள். எலும்பு முறுக்கி உடைந்திருந்தால், யாராவது காலைத் திருகினார்களா என்றும் யோசிப்பது எங்கள் கடமை. மனைவிக்குப் பயந்து சறுக்குமரத்தையே மறைத்த அப்பாக்களை எனக்குத் தெரியும். சொல்லிவிடுங்கள், நான் திட்ட மாட்டேன். (இங்கே திட்டுவதோடு சரி.)

அந்தப் பையனுக்கு வீக்கமே இல்லை. அதனால் சுளுக்கு என்று முடிவு கட்டி, இரவே எண்ணெய் போட்டு நீவியிருக்கிறார் பாட்டி. உடைந்த எலும்பின் மேல்! இந்த வயதில் இந்த முறிவு வீங்காமலே இருக்கலாம். முதல் எக்ஸ்ரேயில் தெரியாமல் பத்து நாள் கழித்துத் தெரிவதும் உண்டு. நடந்துகொண்டிருந்த பிள்ளை காலை ஊன்ற மறுத்தாலோ, திடீரென்று தவழ ஆரம்பித்தாலோ, நீவாமல் காட்டுங்கள். பெரும்பாலும் மூன்று நாலு வாரம் மாவுக்கட்டோடு சரியாகிவிடும். புத்தூர் கட்டு பற்றித் தனியாக எழுதுகிறேன், இன்றைக்குச் சண்டை வேண்டாம்.

பூங்காவுக்குப் போகாதீர்கள் என்று யார் சொன்னது? சென்னை லஸ் பக்கம் நாகேஸ்வர ராவ் பூங்காவில் என் பிள்ளைகளோடு நானும் மாலைகளைக் கழித்தவன்தான். மதியம் தகரச் சறுக்குமரம் சுடும், முதலில் உங்கள் கையை வைத்துப் பாருங்கள். துப்பட்டா, கழுத்துக் கயிறு எல்லாம் வீட்டிலேயே இருக்கட்டும். ஏணியில் பெரிய பசங்க முட்டித் தள்ளினால் சின்னதை இறக்கிவிடுங்கள்.

அந்தப் பெண் குழந்தையின் அப்பா கண்ணைத் துடைத்துக்கொண்டு கேட்டார், "அப்போ இவ சறுக்கவே கூடாதா டாக்டர்?" சறுக்கட்டுமே. உங்கள் இடுப்பு உயரத்துக்கு மேல் போகாத குட்டிச் சறுக்குமரமாகப் பாருங்கள். தனியாக உட்கார வையுங்கள். பக்கத்தில் தரையில் நின்று கையைப் பிடித்துக்கொண்டே கூட நடங்கள். அதற்கும் பயந்தால், இன்னும் ஒரு வருடம் போகட்டும். அதுவரை மணலில் விளையாட அவளுக்குக் கசக்கவா போகிறது?