65 என்றால் எப்போதும் ‘ஏ’ அல்ல

பழைய வீட்டுக் கணினிகளின் வட்டுகளிலிருந்து கோப்புகளை மீட்டெடுக்கும் வேலையில் திரும்பத் திரும்ப நான் காணும் கோளாறு ஒன்று உண்டு. ஆஸ்கி என்பது ஆங்கில எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் எண் தரும் பொதுக் குறியாக்கம்; அதில் பெரிய ‘ஏ’ (A) 65. ‘இதுவும் ஆஸ்கிதானே’ என்று நினைத்து யாரோ ஒருவர் முழுக் கோப்பையும் ஒரே அட்டவணையில் போட்டு மாற்றியிருப்பார். அந்த யாரோ ஒருவராக நானும் இருந்திருக்கிறேன்.

1982இல் வந்த கொமடோர் 64 கணினியின் பெட்ஸ்கி குறியாக்கம், சிறிய எழுத்துகள் இடம்பெறாத 1963ஆம் ஆண்டு ஆஸ்கியை அடியொற்றியது. ஆகவே பெரிய, சிறிய எழுத்துகள் இரண்டும் தெரியும் முறையில் அங்கே 65 முதல் 90 வரை சிறிய எழுத்துகள்; பெரிய எழுத்துகள் 193 முதல் 218 வரை. போதாக்குறைக்கு, 97 முதல் 122 வரை உள்ள எண்களை அச்சிட்டாலும் அதே பெரிய எழுத்துகள்தான் திரையில் தோன்றும். இரண்டு எண்கள் ஒரே எழுத்தாகிவிடுவதால், ஆஸ்கிக்கு மாற்றிய பின் மூலத்தில் எது இருந்தது என்று சொல்ல வழியில்லை.

நான் செய்த பிழை வேறு. ஒவ்வொரு புலத்தின் (பெயர், முகவரி போன்ற தகவல் கூறின்) முன்னும் அதன் நீளத்தை ஒரு பைட்டில் எழுதிவைத்த பதிவுக் கோப்பு ஒன்றை, எழுத்து எது, எண் எது என்று பிரிக்காமல் மொத்தமாக மாற்றினேன். நான் சோதித்துப் பார்த்தவையெல்லாம் 64 எழுத்துக்கு மேற்படாத புலங்கள் என்பதால் எல்லாம் சரியாகவே வந்தன. பிறகு 72 எழுத்து நீளமுள்ள ஒரு புலம் வந்தது. 72 என்ற நீள பைட்டை நிரல் சிறிய எழுத்து என்று கருதி அதன் ஆஸ்கி எண்ணான 104 ஆக்கிவிட, அதைப் படித்த அடுத்த நிரல் கூடுதலாக 32 பைட்டுகளை விழுங்கியது. அதற்குப் பின்னிருந்த பதிவுகள் அனைத்தும் இடம் பெயர்ந்துபோயின. மூல வட்டின் படிமத்தை, அதாவது முழு நகலை, தொடாமல் வைத்திருந்ததால் பிழைத்தேன்.

திரையில் நேரடியாக எழுதுவோருக்கு இன்னொரு பொறி காத்திருக்கிறது. கொமடோர் 64இன் திரை நினைவகம் வழக்கமாக 1024ஆம் முகவரியில் தொடங்குகிறது. கணினியை இயக்கியவுடன் உள்ள நிலையில், அங்கே, நினைவகத்தில் ஓர் எண்ணை நேரே எழுதும் போக் (POKE) கட்டளையால் 65ஐ வைத்தால் ‘ஏ’ வராது, சீட்டுக்கட்டின் ஸ்பேடு சின்னம் வரும். ‘ஏ’ வேண்டுமானால் 1 வைக்க வேண்டும், ஏனென்றால் திரை நினைவகம் பயன்படுத்தும் திரைக்குறி பெட்ஸ்கியிலிருந்தும் வேறானது. ஒரு சரம் (எழுத்துத் தொடர்) அச்சிடும் வழக்கநிரலுக்குப் போகிறதா, திரை நினைவகத்துக்குப் போகிறதா என்பதை அசெம்பிளி மூலநிரலிலேயே குறித்துவைப்பது நல்லது.

மற்றக் கணினிகளும் தத்தம் வழியில் போனவையே. இசட்எக்ஸ்81இல் ‘ஏ’ 38. வரி முடிவு 118. அட்டாரியின் 8 பிட் கணினிகளில் வரி 155இல் முடியும். ஆப்பிள் 2இல் பைட்டின் மேல் பிட் எழுப்பப்பட்டிருப்பதால், அதாவது எண்ணோடு 128 கூடுவதால், பெரிய ‘ஏ’ 193 ஆகிறது; கொமடோரின் பெரிய ‘ஏ’யும் 193 என்பதால் இரண்டும் ஒன்றுதான் என்று ஏமாந்தவர்கள் உண்டு. சிறிய ‘ஏ’யைப் பார்த்தால் குட்டு வெளிப்படும்: ஆப்பிளில் 225, கொமடோரில் 65.

இசட்எக்ஸ் ஸ்பெக்ட்ரம் கணினியின் பேசிக் மொழி நிரல்களில் இன்னும் கவனம் வேண்டும். கட்டளைச் சொற்கள் ஒரே பைட்டாகச் சேமிக்கப்படுகின்றன. பிரிண்ட் என்பது 245. வரியில் உள்ள ஒவ்வோர் எண்ணுக்கும் பின்னால் 14 என்ற பைட்டும், அதையடுத்து அந்த எண்ணின் 5 பைட் உள்வடிவமும் மறைந்திருக்கும். அவற்றைத் தாண்டிச் செல்லாத மாற்றி, பட்டியலின் நடுவே குப்பையைக் கொட்டும்.

வரைகலைக் குறிகளைக் கேள்விக்குறியாக்கும் பழைய கருவிகளை இனி பயன்படுத்தத் தேவையில்லை. 2020இல் வெளியான யூனிகோடு 13 இவற்றில் பலவற்றுக்குத் தனித் தொகுதியே ஒதுக்கியிருக்கிறது. தலைகீழ் வண்ணத்தில் தெரியும் எழுத்துகளுக்கு மட்டும் அங்கே தனி இடம் கிடையாது; அந்தத் தகவலை எழுத்தோடு சேர்க்காமல் வேறொரு புலத்தில் எழுதிவைக்கிறேன்.