ஏடிபி கசியாத குடல் பாக்டீரியா மாதிரி

குடல் பாக்டீரியாக்களில் பெரும்பாலானவற்றுக்கு ஆக்சிஜன் ஆகாது. ஆய்வகத்தில் வளர்ப்பது சிரமம். ஆனால் மரபணுத் தொகுதியைப் படிப்பது எளிதாகிவிட்டது; அதிலிருந்தே ஒரு பாக்டீரியா எதை எடுத்து எதை வெளியிடும், எவ்வளவு வளரும் என்று கணக்கிடும் கணினி மாதிரியை (வளர்சிதை மாற்ற மாதிரி) உருவாக்கலாம். 2023-இல் வெளியான அகோரா2 தொகுப்பில் 7,302 நுண்ணுயிர்த் திரிபுகளின் வளர்சிதை மாற்ற மாதிரிகள் உள்ளன.

எந்த மரபணு எந்த நொதியைத் தருகிறது, அது எந்த வினையை நடத்துகிறது என்று தரவுத்தளங்களோடு ஒப்பிட்டு முதலில் பட்டியல் எடுக்க வேண்டும். அதை அணியாக (எண் அட்டவணையாக) எழுதுவோம்: கிடைவரிசைக்கு ஒரு சேர்மம், நெடுவரிசைக்கு ஒரு வினை. செல்லுக்குள் எதுவும் தேங்கக் கூடாது என்பது நிபந்தனை. உள்ளே வரும் சத்துகளுக்கு வரம்பு வைத்து (குளுக்கோஸ் என்றால் ஒரு கிராம் உலர் எடைக்கு மணிக்கு 10 மில்லிமோல் என்று வைப்பது வழக்கம்), வளர்ச்சி அதிகபட்சம் எவ்வளவு என்று நேரியல் நிரலாக்கம் என்ற கணித முறை கணக்கிட்டுத் தரும்.

ஒரே ஒரு நொதி விடுபட்டாலும் வளர்ச்சி பூஜ்ஜியமாகிவிடலாம். அதனால் மென்பொருள் தானாகவே வினைகளைச் சேர்த்து இடைவெளியை அடைக்கும். இங்கேதான் கவனம் வேண்டும். எந்த வளர்ப்பு ஊடகத்தில் வளர வேண்டும் என்று சொல்கிறோமோ, அதற்கேற்பத்தான் அடைப்பு நடக்கும். குளுக்கோஸும் உப்புகளும் மட்டும் கொடுத்து அடைத்தால், வெளியிலிருந்து வைட்டமின் வாங்கிப் பிழைக்கும் பாக்டீரியாகூடத் தானே அதைத் தயாரிப்பதாக மாதிரி காட்டும். பிறகு அது யாரைச் சார்ந்து வாழ்கிறது என்ற கேள்விக்கே இடமில்லாமல் போகும்.

அதைவிட மோசமானது ஏடிபி கசிவு, அதாவது செல்லின் ஆற்றல் நாணயமான ஏடிபி மாதிரியில் இலவசமாகக் கிடைப்பது. ஒரு சேர்மத்தைப் புரோட்டானோடு சேர்த்து உள்ளே கொண்டுவரும் கடத்தியும், தனியாகக் கடத்தும் இன்னொன்றும் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். இரண்டுக்கும் இருதிசையும் அனுமதித்துவிட்டால், சேர்மம் சுற்றிச் சுற்றி வரும், புரோட்டான்கள் மட்டும் இலவசமாக வெளியேறும். வெளியே புரோட்டான்கள் கூடுவதால் உண்டாகும் சரிவைக் கொண்டு ஏடிபி சிந்தேஸ் என்ற நொதி ஒன்றுமில்லாததிலிருந்து ஆற்றல் எடுக்கும். சோதனை எளிது: எல்லா உள்வரவையும் மூடுங்கள், பராமரிப்புக்கான குறைந்தபட்ச ஏடிபி செலவையும் நீக்குங்கள், ஏடிபி சிதைவை உச்சமாக்கச் சொல்லுங்கள். விடை பூஜ்ஜியம் வராவிட்டால் வேறெதையும் நம்ப வேண்டாம்.

அடுத்து, தெரிந்த உயிர்வேதியியலோடு ஒப்பிட வேண்டும். பிஃபிடோபாக்டீரியம் என்ற குடல் பாக்டீரியாவின் தனிப் பாதையில் 2 குளுக்கோஸிலிருந்து 3 அசிடேட், 2 லாக்டேட், 5 ஏடிபி வரும். அந்த அசிடேட்டை ஃபீகாலிபாக்டீரியம் பிராஸ்னிட்சி என்ற இன்னொரு குடல் பாக்டீரியா எடுத்துக்கொண்டு பியூட்டிரேட் என்ற கொழுப்பு அமிலத்தைத் தருகிறது. இரண்டையும் இணைத்த மாதிரியில் இந்தக் கைமாற்றம் தெரியாவிட்டால், அசிடேட் கடத்தியின் திசையையும், ஆக்சிஜன் உள்வரவு மூடப்பட்டிருக்கிறதா என்பதையும் முதலில் பாருங்கள்.

பல பாக்டீரியாக்களைச் சேர்த்த சமூக மாதிரிக்கு, மலத்திலிருந்து எடுத்த டிஎன்ஏ விகிதங்களைக் கொடுப்பார்கள். அவை யார் எவ்வளவு இருக்கிறார்கள் என்பதைச் சொல்லுமே தவிர, யார் எவ்வளவு வேகமாக வளர்கிறார்கள் என்பதைச் சொல்லாது. மேலும், ஒரே உச்ச வளர்ச்சியைப் பல வினை வேகக் கூட்டுகள் தரக்கூடும். ஆகவே பியூட்டிரேட் உற்பத்தியை ஒற்றை எண்ணாக எழுதாமல், அது எட்டக்கூடிய சிறுமத்தையும் பெருமத்தையும் சேர்த்தே எழுத வேண்டும்.