பவிலியன் தூணில் நேராக ஓடிய வெடிப்பு

மட்டக்களப்பு வாவிக்கும் கடலுக்கும் இடையிலுள்ள எழுவான்கரைக் கிராமமொன்றின் விளையாட்டுக் கழகத்தார், ஆட்டக்காரர் இருக்கும் மண்டபமான பவிலியனைப் பார்க்கப் புரட்டாதியில் என்னைக் கூப்பிட்டார்கள். நான் மைதானத்துக்குப் போனபோது சீமெந்துப் பைகளும் பெயின்ற் வாளிகளும் வந்து இறங்கியிருந்தன. "தூணில சின்ன வெடிப்புத்தான் சேர், மேலால பூசி விட்டா மாரிக்குத் தாங்கும்தானே" என்றார் செயலாளர்.

அந்த வெடிப்பு தூணின் மூலையோரமாக, கீழிருந்து மேலே நேராக ஓடியது. ஓரத்தில் பழுப்புக் கறை. சுத்தியலால் தட்டினேன். நல்ல கொங்கிரீட் கணீரென்று கேட்கும். இது வெறும்பானை போலக் கேட்டது. பூச்சில் மட்டும் வரும் வெடிப்பு கோணல்மாணலாகப் படரும். கம்பி போகும் வழியே நேராக ஓடினால், உள்ளே கம்பி துருவேறுகிறது என்று எடுத்துக்கொள்ளுங்கள். துரு, தான் தின்ற இரும்பைவிட இரண்டு மடங்குக்கும் மேல் இடம் பிடிக்கும். அந்த நெருக்குதல்தான் கொங்கிரீட்டைப் பிளக்கிறது. மேலே பூசினால் வெடிப்பு மறையும், துரு நிற்காது. பிறகொரு நாள் பாளமாகக் கழன்று, கீழே காலில் பாட் கட்டிக்கொண்டிருக்கும் பிள்ளையின் தலையில் விழும்.

அந்த இடத்தில் முதலில் இருந்தது கிடுகுக் கொட்டில். 1978 நவம்பர் 23 சூறாவளியில் அது போனது. பிறகு கல்லால் கட்டிய அறையை 2004 டிசம்பர் 26 அன்று சுனாமி அத்திவாரம் மட்டும் மிஞ்ச அடித்துப் போனது. "இது மூணாந்தரம் கட்டினது மனே" என்றார் பழைய ஸ்கோரர் ஒருவர். கொங்கிரீட் குழைக்க மைதானக் கிணற்றுத் தண்ணீரைத்தான் அள்ளினார்கள் என்றும் அவரே சொன்னார். எனக்கு நெஞ்சு கனத்துவிட்டது. ஊரே சேர்ந்து கட்டியதற்குள் கட்டிய அன்றே உப்புப் போயிருக்கிறது. கடற்கரைக் கிணறு உவர், அந்த உப்புத்தான் கம்பியைத் துருவேற்றுகிறது. கழகங்களே, குழைக்கவும் நனைக்கவும் நல்ல தண்ணீர் பவுசரில் வரட்டும். அந்தச் செலவைப் பார்க்காதீர்கள்.

முதலில் தூண் தாங்கும் வளைக்கு (உத்தரத்துக்கு) முட்டுக் கொடுத்தோம். பழுதான கொங்கிரீட்டைக் கம்பியின் பின்புறம் வரை கொத்தி எடுத்து, இரும்பு பளிச்சிடும்வரை துருவைச் சுரண்டி, நல்ல தண்ணீரால் கழுவினோம். மெலிந்த கம்பிக்குப் பக்கத்தில் புதுக் கம்பி வைத்தோம். முன்பு கம்பிக்கு மேல் 15 மில்லிமீற்றர் கொங்கிரீட்தான் இருந்தது. கடலோரத்தில் 50 ஆவது வேண்டும் என்பதால் தூணைச் சற்றுப் பருமனாக்கினோம். 7 நாள் ஈரச்சாக்கு சுற்றியிருந்தது.

கூரையையும் பார்த்தேன். பவிலியனுக்கு முன்பக்கச் சுவர் இல்லை. அந்த வாயால் புகுந்த காற்று கூரையைக் கீழிருந்து தள்ளும், மேலே போகும் காற்று இழுக்கும். வீட்டுக் கூரையைவிட இது எளிதில் பறக்கும். வாடைக்காற்று தொடங்கும் முன் கூரை மரங்களைக் கொங்கிரீட் வளையோடு இரும்புப் பட்டியால் பிணைத்தோம். துருப்பிடித்த கொளுக்கிகளை மாற்றினோம். கூரையோரத் தண்ணீர்ப் பீலியில் கிடந்த சருகையும் அள்ளினோம், தேங்கிய தண்ணீரில் நுளம்புக் குடம்பி நெளிந்தது.

ஒன்றில் மட்டும் பொடியன்களோடு வாக்குவாதப்பட வேண்டியிருந்தது. அஸ்பெஸ்டஸ் சீற்றிலுள்ள பாசியைக் கம்பித் தூரிகையால் உரஞ்சப் புறப்பட்டார்கள். அந்தத் தூசியிலுள்ள நார் நுரையீரலில் தங்கிப் பல ஆண்டுகள் கழித்துப் புற்றுநோயாகலாம். உரஞ்சவும் வேண்டாம், உலர்வாகத் துளைக்கவும் வேண்டாம்.

மற்றத் தூண்களும் அதே தண்ணீரில் எழுந்தவை. ஒன்றில் மயிர்க்கோடு போல வெடிப்புத் தெரிகிறது. அதன் நுனியில் பென்சிலால் கோடும் திகதியும் போட்டிருக்கிறோம். தை பிறந்ததும் போய்ப் பார்ப்பேன்.